சாட்சி கேட்கும் வேலை

ஆங்கில–தமிழ் அகராதிப் பணியில் எழுத்துகளைப் பங்கு பிரிக்கும்போது 'எஸ்' எழுத்தை யார் தலையில் கட்டுவது என்பதுதான் பெரிய பேச்சாக இருக்கும். ஆங்கிலத்தில் அதிகச் சொற்கள் தொடங்குவது அதில்தான். 'கியூ'வைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நடுத்தர அளவு அகராதியில் அதற்குச் சில பக்கங்கள் கிடைத்தாலே அதிகம். எனக்கு முதன்முதலாகத் தனிப்பொறுப்பாக வந்தது அந்தக் கியூதான். சொற்களின் பொருளை வேறு சிலர் எழுதினார்கள். பிறப்பை எழுதுவது என் வேலை. எந்த மொழியில் பிறந்தது, எந்தெந்த மொழிகளைக் கடந்து வந்தது, ஆங்கிலத்துக்குள் எப்போது நுழைந்தது, நுழைந்தபோது என்ன பொருள் தந்தது, இத்தனையையும் இரண்டு மூன்று வரிக்குள் அடக்க வேண்டும். பின்னாளில் பெரிய எழுத்துகளும் என் மேசைக்கு வந்தன. ஆனால் தொழிலைக் கற்றுக்கொடுத்தது கியூ.

எங்கள் ஆசிரியர் எந்தக் குறிப்பைக் கொண்டுபோனாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "சாட்சி எங்கே தம்பி?" ஒரு சொல்லுக்குக் கதை சொல்வது எளிது. அந்தக் கதையின் ஒவ்வொரு படிக்கும் எழுத்தில் சான்று காட்ட வேண்டும். இன்ன ஆண்டில், இன்ன நூலில், இன்ன எழுத்துக்கூட்டலில், இன்ன பொருளில் அந்தச் சொல் நின்றது என்று சொல்ல முடிய வேண்டும். காட்ட முடியாத படியைக் குறிப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும், கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கியூ எழுத்தில் அழகான பொய்க்கதைகள் நிறைய உண்டு. புதிதாக வந்தவன் கையில் அதைக் கொடுத்ததற்குக் காரணமே அதுவாகத்தான் இருக்கும் என்று இன்று நினைக்கிறேன்.

'குவிஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடி வினாப் போட்டிகளிலேயே அதன் பிறப்பைக் கேள்வியாகக் கேட்பதுண்டு. விடையாக எதிர்பார்க்கப்படும் கதை இது: டப்ளின் நகரத்து நாடகக் கொட்டகை உரிமையாளர் ரிச்சர்ட் டேலி, பொருளே இல்லாத ஒரு சொல்லை ஒரே நாளில் ஊர் முழுக்கப் பேசவைத்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினார்; இரவோடு இரவாக ஆள்விட்டுச் சுவர்களிலெல்லாம் அந்தச் சொல்லை எழுதவைத்தார்; விடிந்ததும் ஊரே "இது என்ன" என்று கேட்டது; பந்தயத்தில் அவர் ஜெயித்தார். கதையில் ஆண்டு 1791 என்று வரும். ஆனால் ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி 1782இலேயே தம் நாட்குறிப்பில் இச்சொல்லை எழுதிவிட்டார். அப்போது அதற்கு விசித்திரமான ஆள் என்று பொருள். அங்கிருந்து கேலி செய்பவர், கேலி என்று நகர்ந்து, கேள்வி கேட்டுச் சோதிப்பது என்ற பொருளுக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. டேலி சுவரில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சொல் அதற்கு முன்பே இருந்தது. 'பிறப்பு தெரியவில்லை' என்று அச்சிட்டோம். இந்த இரண்டு சொல்லை மனச்சாட்சியோடு எழுத, ஒரு முழுக்குறிப்பு எழுதுவதைவிட அதிகம் படிக்க வேண்டும்.

போலி மருத்துவரைக் குறிக்கும் 'குவாக்' இன்னொன்று. பாதரசத்துக்கு ஜெர்மன் மொழியில் 'குவெக்சில்பர்' என்று பெயர், மேகநோய்க்குப் பாதரசம் கொடுத்து ஏமாற்றியவர்களுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது என்று மருத்துவர்கள்கூட எழுதுகிறார்கள். சான்றுகள் வேறு வழியைக் காட்டுகின்றன. டச்சு மொழியின் 'குவாக்சால்வர்' 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு முழுதாக வந்து, பிறகு வால் வெட்டப்பட்டுச் சுருங்கியது. அதன் முற்பாதிக்குச் சளசளவென்று பேசுவது என்று பொருள். பிற்பாதி தைலம், களிம்பு பூசுபவர். சந்தையில் நின்று வாய் ஓயாமல் கூவிக் களிம்பு விற்ற ஆள்தான் முதல் குவாக். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் லேகியம் விற்பவரைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே தேவையில்லை.

எழுத்தின் வரலாற்றையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புரியாமல் இந்தப் பக்கங்களில் கைவைக்க முடியாது. பினீசியரின் 'கோஃப்' என்ற எழுத்தைக் கிரேக்கர் 'கோப்பா' என்று எடுத்துக்கொண்டார்கள். கொரிந்து நகரத்துப் பழைய நாணயங்களில் ஊர்ப்பெயரின் முதலெழுத்தாக அது பொறிக்கப்பட்டிருக்கும். பிறகு கிரேக்கத்தில் வழக்கொழிந்து, 90 என்ற எண்ணைக் குறிக்கும் அடையாளமாக மட்டும் எஞ்சியது. ரோமர்கள் விடாமல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு 'யூ'வைத் துணைக்கு நிறுத்தினார்கள். பழைய ஆங்கிலத்துக்கு இந்த எழுத்து தேவைப்படவே இல்லை. அரசியைக் குறிக்கும் 'குவீன்', விரைவைக் குறிக்கும் 'குயிக்' எல்லாம் 'சி', 'டபிள்யூ' என்ற இரண்டு எழுத்துகளில்தான் தொடங்கின. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பிறகு பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர்கள் தங்கள் கைப்பழக்கப்படி 'கியூ', 'யூ' என்று மாற்றி எழுதினார்கள். 1300 வாக்கில் பழைய எழுத்துமுறை மறைந்தே போயிற்று. ஆகவே கியூ பக்கத்தில் இரண்டு இனம் கலந்து நிற்கிறது. ஒன்று லத்தீனும் பிரெஞ்சும் வழியாகக் கப்பலேறி வந்தவை. மற்றது மண்ணின் சொற்கள், அயலாரின் உடையில். எழுத்தை நம்பினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

மண்ணின் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'குயிக்'. இன்று அதற்கு வேகம் என்று மட்டும்தான் பொருள் சொல்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'உயிருள்ள' என்று பொருள். லத்தீனில் உயிருள்ளதைச் சொல்லும் 'வீவுஸ்', சம்ஸ்கிருதத்தின் 'ஜீவ', இந்தக் 'குயிக்' மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. தமிழில் நாம் ஜீவன் என்று சொல்வது சம்ஸ்கிருதம் வழியாக வந்த அதே வேர். இதைப் பிடித்துக்கொண்டால் அகராதியில் சிதறிக் கிடக்கும் எத்தனையோ சொற்கள் ஓரிடத்தில் கூடுகின்றன. பாதரசத்துக்குக் 'குயிக்சில்வர்' என்று பெயர். தொட்டால் ஓடும் உயிருள்ள வெள்ளி. சுட்ட சுண்ணாம்பு 'குயிக்லைம்'. தண்ணீர் பட்டதும் சீறிக் கொதிப்பதால் அதற்கு உயிர் இருப்பதாக நினைத்தார்கள். ஆளை விழுங்கும் புதைமணலும் 'குயிக்'தான். நகத்துக்கு அடியில் வெட்டினால் வலிக்கும் சதைக்கும் அதுவே பெயர். கர்ப்பிணி வயிற்றில் குழந்தை முதன்முதலாக அசைவதை உணரும் கட்டத்தை 'குயிக்கனிங்' என்றார்கள். குழந்தைக்கு உயிர் வந்துவிட்டது என்று ஊரும் சட்டமும் ஒப்புக்கொண்ட கட்டம் அது.

இந்தக் கூட்டத்தில் 'குயிக்செட்' என்று ஒன்று உண்டு. வயலைச் சுற்றிச் செடி நட்டு வளர்க்கும் வேலி. எங்களிடமிருந்த பழைய கைப்படிகளில் 'விரைவில் வளரும் வேலி' என்று பொருள் எழுதப்பட்டிருந்தது. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பட்ட முள்ளை வெட்டிப் போடாமல் உயிருள்ள செடியை நடுவதால் வந்த பெயர். கிளுவை, கொடுக்காப்புளி நட்டுத் தோட்டத்தைக் காக்கும் நம் உழவர்கள் இதே பொருளில் 'உயிர்வேலி' என்கிறார்கள். பிறப்புக் குறிப்பைப் பார்த்த பிறகுதான் பொருள் எழுதியவர் அந்தச் சொல்லைப் போட்டார். சொற்பிறப்பு அலங்காரத்துக்காகச் சேர்க்கும் பகுதி என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் சொல்லும் சான்று இதுதான்.

'குவீன்' கதை வருத்தமானது. பழைய ஆங்கிலத்தில் பெண்ணைக் குறிக்க ஏறக்குறைய ஒரே ஓசையில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று மனைவி, அரசன் மனைவி என்று உயர்ந்து அரியணையில் அமர்ந்தது. மற்றது வெறும் பெண் என்ற பொருளிலிருந்து தாழ்ந்து வசைச்சொல்லானது. இன்று எழுத்தில் ஓர் உயிரெழுத்து மட்டுமே அவற்றைப் பிரிக்கிறது. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். இதே வேர்தான் கிரேக்கத்தில் மகளிர் நோய் மருத்துவத்தைச் சொல்லும் 'கைனகாலஜி'க்கும் பாரசீகத்தில் அந்தப்புரத்தைச் சொல்லும் 'ஜெனானா'வுக்கும் அடியில் இருக்கிறது.

கப்பலேறி வந்தவற்றுக்குப் போகலாம். அங்கே காய்ச்சல் ஒரு தனி வரிசையாகவே நிற்கிறது. அன்றாடம் என்ற பொருளில் இலக்கியவாதிகள் விரும்பி எழுதும் 'குவோட்டிடியன்' ஆங்கிலத்துக்குள் வந்தபோது தினமும் வரும் முறைக்காய்ச்சலின் பெயராகத்தான் வந்தது. 'குவார்ட்டன்' என்பது நான்காம் நாள் காய்ச்சல். ஆனால் அது திரும்ப வருவது 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. அப்படியானால் மூன்றாம் நாள்தானே என்று தோன்றும். ரோமர்கள் காய்ச்சல் கண்ட நாளையும் சேர்த்து எண்ணினார்கள், அதனால் நான்கு. இப்படி ஒரு சின்ன விவரம் விடுபட்டால் மருத்துவ மாணவர் ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வார் என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு.

அந்தக் காய்ச்சலுக்கு மருந்து 'குவினைன்'. பழைய ஆட்கள் கொய்னா என்பார்கள். தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் 'கினா' என்றால் மரப்பட்டை. ஸ்பானியர் வாய்வழியாக அது ஐரோப்பாவுக்கு வந்தது. 1820இல் பாரிஸில் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு மருந்தியலாளர்கள் பட்டையிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுத்து இந்தப் பெயரைச் சூட்டினார்கள். இதுவரை எல்லாவற்றுக்கும் சாட்சி உண்டு. அதன் மரத்தின் பெயரான 'சிங்கோனா'வில்தான் சிக்கல். பெருவில் ஸ்பானிய ஆளுநராக இருந்த சின்சோன் பிரபுவின் மனைவி காய்ச்சலில் விழுந்தார், இந்தப் பட்டையால் பிழைத்தார், ஸ்பெயினுக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கதை அச்சேறிவிட்டது. அதை நம்பித் தாவரவியலாளர் லின்னேயஸ் 1742இல் மரத்துக்கு அவர் பெயரை வைத்தார். வைக்கும்போது 'எச்' என்ற ஓர் எழுத்தையும் விட்டுவிட்டார். ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து, 1941இல், ஹாகிஸ் என்ற ஆய்வாளர் ஆளுநர் மாளிகையின் நாட்குறிப்புகளைத் துருவிப் பார்த்து, அந்த அம்மையார் இந்தக் காய்ச்சலிலிருந்து பட்டையால் குணமானதற்கு அவற்றில் சுவடே இல்லை என்று காட்டினார். பெயர் நிற்கிறது, காரணம் விழுந்துவிட்டது. அந்தக் கட்டுரையைப் பற்றிப் படித்த நாளில் என் தொழில் மீது எனக்கு மிகுந்த மரியாதை வந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றைச் சரிபார்க்க ஒரு மனிதர் உட்கார்ந்து பழைய நாட்குறிப்பைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறார்.

இந்த மரம் நமக்கும் தூரமில்லை. 1860களின் தொடக்கத்தில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் முயற்சியால் தென் அமெரிக்கக் கன்றுகள் நீலகிரிக்கு வந்தன. நடுவட்டத்தில் அரசுத் தோட்டமும் குவினைன் தொழிற்சாலையும் இருந்தன. கைதிகளை வைத்து வேலை வாங்கிய பழைய சிறைக் கட்டடத்தை இன்றும் அங்கே பார்க்கலாம். லின்னேயஸ் விட்ட எழுத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று மார்க்கம் விடாமல் வாதாடினார். தாவரவியலாளர்கள் கேட்கவில்லை.

'குவாரண்டைன்' பற்றி 2020க்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும்: இத்தாலிய மொழியில் நாற்பது நாள். தெரியாதது, அந்த எண்ணோடு சொல் எப்போதும் ஒத்துப்போனதில்லை என்பது. இன்று துப்ரோவ்னிக் என்று சொல்லப்படும் ரகூசா நகரம் 1377இல் போட்ட முதல் சட்டத்தில் முப்பது நாள்தான். நாற்பதாக நீண்டது பிற்பாடு. 1663இலேயே லண்டனில் சாமுவேல் பீப்ஸ், முப்பது நாள் தடுத்து வைப்பதற்கும் இந்தப் பெயரையே சொல்கிறார்கள், சொல் நாளைக் குறிக்காமல் செயலைக் குறிக்கத் தொடங்கிவிட்டது என்ற பொருளில் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஒரு சொல்லின் பொருள் நழுவுவதை அது நழுவும்போதே பார்த்துப் பதிந்த மனிதர்கள் மிகக் குறைவு. நோய்க்கு முன்பே ஆங்கிலச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருந்தது: கணவன் இறந்தபின் விதவை அவன் வீட்டில் தங்கிக்கொள்ள உரிமையுள்ள நாற்பது நாள். அந்த உரிமை 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவிலேயே இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பியபோது அவர்கள் கேட்டதும் இதே சொல்தான்.

சில சொற்களைச் சீக்கிரம் முடித்துவிட்டோம். பள்ளிப் பிள்ளைகள் கடையில் கேட்டு வாங்கும் ஒரு குயர் நோட்டின் 'குயர்', லத்தீனில் நான்கு நான்காக என்ற சொல்லின் வழிவந்தது. நான்கு தாளை மடித்து எட்டு ஏடாக்கிய கையெழுத்துப்படிக் காலத்துக் கணக்கு. கல்குவாரியின் 'குவாரி' கல்லைச் சதுரமாக வெட்டும் இடம். வேட்டையில் துரத்தப்படும் விலங்குக்கும் அதே எழுத்து, அதே ஓசை, ஆனால் அது வேறு சொல். வேட்டை முடிந்ததும் தோலின் மேல் வைத்து நாய்களுக்குக் கொடுத்த குடலும் ஈரலும் என்ற பொருளில் தொடங்கியது. கூட்டங்களில் 'கோரம் இல்லை' என்று சொல்கிறோமே, அந்தக் 'குவோரம்' லத்தீனில் 'எவர்களுள்' என்ற ஒற்றைச் சொல். நீதிபதிகளை நியமிக்கும் ஆணையில், எவர்களுள் இன்னார் ஒருவராக இருக்க வேண்டுமோ என்று வந்த வாக்கியத்திலிருந்து பிய்ந்து விழுந்தது. சட்டமன்றத் தமிழில் அதற்குக் குறைவெண் என்று பொருத்தமான சொல் இருப்பதால் எங்களுக்குச் சிரமம் இருக்கவில்லை.

சிரமம் தந்தது 'குவிஸ்லிங்'. நார்வே நாட்டு அரசியல்வாதி விட்குன் குவிஸ்லிங், 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நுழைந்தபோது அவர்களோடு சேர்ந்து ஆட்சியை அறிவித்தார். அந்த மாதமே லண்டன் டைம்ஸ் இதழ் அவர் பெயரைத் துரோகி என்ற பொதுச்சொல்லாக எழுதிவிட்டது. 1945இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்களில் பலர் பொருளாக 'எட்டப்பன்' என்று போடலாம் என்றார்கள். படிப்பவருக்கு உடனே புரியும் என்பது உண்மை. நான் மறுத்தேன். குவிஸ்லிங் செய்ததற்கு நீதிமன்ற ஆவணமும் தீர்ப்பும் இருக்கின்றன. எட்டயபுரம் பற்றி வரலாற்றறிஞர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. எட்டப்பன் குடும்பத்தின் வழிவந்தவர்கள் அந்தப் பழியை மறுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அகராதி அந்த வழக்கில் போகிறபோக்கில் தீர்ப்பெழுதக் கூடாது. 'தாய்நாட்டைப் பிடித்த பகைவரோடு சேர்ந்து ஆளும் துரோகி' என்று நீளமாகவே போட்டோம்.

எல்லாவற்றையும்விட அதிக நாள் என் மனத்தில் தங்கியது 'குவாகா'. தென்னாப்பிரிக்கச் சமவெளியில் மேய்ந்த விலங்கு. தலையிலும் கழுத்திலும் முன்னுடலிலும் மட்டும் வரிக்குதிரையின் கோடுகள், பின்னுடல் பழுப்பு. அதன் கனைப்பைக் கேட்டுக் கொய்கொய் மக்கள் வைத்த பெயர் இது. டச்சுக் குடியேறிகள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டவர்கள் எந்த வரிக்குதிரையைப் பார்த்தாலும் குவாகா என்றே சொன்னார்கள். தோலுக்காகவும் மேய்ச்சல் நிலத்துக்காகவும் சுட்டுத் தள்ளினார்கள். 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சிச் சாலையில் ஒரு பெண் குவாகா இறந்தது. அதுதான் கடைசி என்று அன்று யாருக்கும் தெரியாது. காட்டில் இன்னும் குவாகாக்கள் இருக்கின்றன என்றுதான் நம்பினார்கள், ஏனென்றால் அந்தப் பெயரில் அழைக்கப்பட்ட வேறு வரிக்குதிரைகள் இருந்தன. 1984இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர அருங்காட்சியகத்திலிருந்த ஒரு குவாகாத் தோலிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்துப் படித்தார்கள். அழிந்துபோன ஓர் உயிரினத்தின் டிஎன்ஏவைப் படித்தது அதுவே முதல் தடவை. இந்தச் சொல்லுக்கு இடம் போதாது என்று அச்சுக்கூடத்திலிருந்து கேட்டு வந்தபோது, வேறு எதை வேண்டுமானாலும் சுருக்குகிறேன், இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். பெயர் துல்லியமாக இல்லாததால் ஓர் உயிரினம் போனதே தெரியாமல் போனது; அதை ஓர் அகராதி சொல்லாவிட்டால் வேறு எது சொல்லும்?

கடைசியாக முடித்த குறிப்பு 'குவார்க்'. அணுக்கருவின் உள்ளே இருக்கும் அடிப்படைத் துகளுக்கு 1964இல் இயற்பியலாளர் முர்ரே கெல்மன் வைத்த பெயர். இதில் மட்டும் சாட்சியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சொல்லை ஆக்கியவரே 1978இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருந்தார். எழுத்துக்கூட்டல் எதுவும் இல்லாமல் ஓர் ஓசைதான் முதலில் தம் மனத்தில் இருந்தது, பிறகு 1939இல் வெளிவந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் 'ஃபின்னெகன்ஸ் வேக்' நூலைப் புரட்டும்போது இந்த எழுத்துவடிவம் கண்ணில் பட்டது என்று அவர் விளக்கியிருக்கிறார். ஆனால் அவர் மனத்திலிருந்த ஓசை 'குவோர்க்'. ஜாய்ஸின் வரியில் சந்தத்துக்கு இசைவது 'குவார்க்'. தமிழ்ப் பாடநூல்கள் எழுதுவதும் 'குவார்க்' என்றுதான். ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஆசிரியர் சொன்னார். பாடநூலில் படிக்கும் பிள்ளை தேடிவந்தால் கிடைக்க வேண்டும் என்பதால் 'குவார்க்'கைத் தலைப்பிலும், வைத்தவர் நினைத்த ஓசை என்பதால் 'குவோர்க்'கைப் பிறப்புக் குறிப்பிலும் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தின் ஆண்டைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் அவர் கையெழுத்துப் போட்டார்.